மூன்றாம் ஒரண்டேகா

லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையின் முதல் வளைவை ஜீப் எடுத்தபோது, தங்கப்பாண்டி தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்பெயின் தேசத்தைத் திட்டினான். அந்த தேசத்தின் மேல் அவனுக்கு முன்விரோதம் கிடையாது. மாட்டை விரட்டுகிறவர்கள், நம்மாட்கள் மாதிரிதான் என்று ஒரு மரியாதைகூட வைத்திருந்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை அதுவுமாய், விடிந்தும் விடியாத நேரத்தில், வெறும் வயிற்றோடு, ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பதினொரு பெண்களுக்கு நடுவே அவனைச் சொருகி வைத்தது ஸ்பெயின்தான்.

"யக்கா, ஒரு டீ..." என்று பின்சீட்டிலிருந்து முனகினான்.

"குமுளியில," என்றாள் முன்சீட்டிலிருந்த உமாதேவி.

"லோயர் கேம்ப்லயும் இதையேதான் சொன்னீக."

"லோயர் கேம்ப் முடிஞ்சிருச்சுல்ல? அப்ப குமுளி பக்கத்துல வந்திருச்சுன்னு அர்த்தம்."

உமாதேவிக்கு நாற்பத்தாறு வயது. தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் விசாரணை பார்த்தவள். செத்துப்போனதாக எழுதிக் கொடுத்த பசுமாட்டை, சொந்தக்காரருடைய மச்சான் வீட்டுத் தொழுவத்தில் கன்றோடு பிடித்துக் கொடுத்தவள். இப்போது வருகிற கேஸ்களில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு யாராவது உண்டா, அவ்வளவுதான். நிலையத்தின் ஒரே உதவியாளன் தங்கப்பாண்டிக்கு வயது முப்பத்தெட்டு. அவன் வாய்க்கு மட்டும் வயசுக்கேற்ற அடக்கம் இன்னும் வரவில்லை.

இந்தக் கேஸ் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. வந்தவள் பெயர் இவாஞ்சலின். கூடலூர்க்காரி, கம்பத்தில் நர்ஸ் வேலை. கல்யாணப் புடவைக்கு அளவு கொடுத்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு நேராக மாடி ஏறி வந்திருந்தாள்.

"ஜோஷ்வா எனக்கு அண்ணனா இல்லையான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்," என்றாள். "வியாழக்கிழமை அவனுக்கும் எனக்கும் கல்யாணம்."

தங்கப்பாண்டி குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

நடந்தது இதுதான். ஜோஷ்வா, போடியில் 'ஒரண்டேகா ஸ்பைசஸ்' என்ற ஏலக்காய்க் கடை நடத்தும் கிருபாவதியின் ஒரே மகன். அந்த வினோதமான பெயர் கடைக்கு வந்தது கிருபாவதியின் புருஷன், காலஞ்சென்ற ஆதித்தன் வழியாக. ஆதித்தனின் பாட்டனார் ஸ்பெயினிலிருந்து தோட்டம் போட வந்த துரை, ஒரண்டேகா என்பது அவருடைய குடும்பப் பெயர், என்பது போடி பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். கடைக்குள்ளே மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரரின் படம் மாலையோடு தொங்கும்.

அவர்களுடைய வேதக்கோயில் வழக்கப்படி மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் படிப்பார். அந்த நேரத்தில் சபையார் பெரும்பாலும் வீட்டில் கழுவி வைத்துவிட்டு வந்த கறியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு ஞாயிறும் 'ஓ.ஆ. ஜோஷ்வா', 'ஓ.வி. இவாஞ்சலின்' என்று இனிஷியலோடு போயிற்று. மூட்டையை யாரும் பிரிக்கவில்லை. பையனின் ஓ எதுவென்று போடிக்குத் தெரியும். பெண்ணின் ஓ, ஓடைப்பட்டி என்று கூடலூர் நம்பியது, பெண்ணும் நம்பினாள். அவள் அப்பா விஜய்ராஜின் அம்மா பிறந்த ஊர் அது.

மூன்றாம் ஞாயிறுதான் வினை. புதிதாக வந்திருந்த போதகர், ரிஜிஸ்டரில் இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். விஜய்ராஜ் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த தன் பள்ளிக்கூட டி.சி.யைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஐம்பது வருஷமாக அதை அவரே படித்ததில்லை. போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சபை நடுவே நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "ஒரண்டேகா ஆதித்தன் ஜோஷ்வா... ஒரண்டேகா விஜய்ராஜ் இவாஞ்சலின்."

கிருபாவதி எழுந்துவிட்டாள். "நிறுத்துங்கய்யா! ரெண்டும் ஒரே வம்சம். பங்காளி வீட்டுப் புள்ளைக. அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போறீகளா?"

சபை கறியை மறந்தது.

போதகர் பயந்துபோனார். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தடை நீங்கவில்லை என்றால் வியாழக்கிழமை கல்யாணம் கிடையாது என்று அறிவித்துவிட்டார். கிருபாவதி ஆதாரமும் கொடுத்தாள். ஸ்பெயினிலிருந்து ஒருவர் சில வருஷம் முன்னால் ஆதித்தனுக்கு அனுப்பிய மெயிலின் பிரிண்ட். அந்த மனிதருக்கு ஒரண்டேகாக்களை எண்ணுவதுதான் பொழுதுபோக்கு. உலகத்தில் மொத்தம் இருநூற்றுப் பதினொரு பேர்தான் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். மெக்சிகோவில் அறுபத்தொன்று, அர்ஜென்டினாவில் முப்பத்தெட்டு, பிலிப்பைன்ஸில் இருபத்திரண்டு என்று கப்பலேறிப் போன கதையெல்லாம் வரிசையாகச் சொல்லி, கடைசியில் 'போடிநாயக்கனூர் ஆறு' என்று முடித்திருந்தார். எல்லோரும் ஒரே மலைக்கிராமத்தின் ஒரே வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் என்றும் இருந்தது.

"எச்சியை எடுத்து டெஸ்ட் குடுத்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருமே," என்று தங்கப்பாண்டி யோசனை சொன்னான்.

"ரிசல்ட் வர மூணு வாரம் ஆகும்," என்றாள் இவாஞ்சலின். "நான் நர்ஸு."

"அதுவும் சரிதான். ரெண்டு வீட்டாரும் மாத்தி மாத்தி ஏற்கெனவே நெறையத் துப்பிட்டாக. இனி எச்சி கிடைக்கிறதும் கஷ்டம்."

அவள் சிரிக்கவில்லை. ரவிக்கைப் பொட்டலத்தை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு, "ஆறு வருசம் பேசிப் பழகியிருக்கோம்," என்றாள். "காலையில இருந்து அவன் போன் பண்ணா எடுக்கக் கூச்சமா இருக்கு. என்னை இந்தக் கூச்சத்துல இருந்து வெளிய எடுத்துவிடுங்க. அண்ணன்னா அண்ணன்னு சொல்லிருங்க, அழுதுட்டுப் போறேன்." அதற்கப்புறம் தங்கப்பாண்டிக்கே ஜோக் வரவில்லை. அவனுக்கு அப்படி ஆவது வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

இப்போது ஜீப்பை ஓட்டிக்கொண்டிருப்பவர் அவளுடைய அப்பா விஜய்ராஜ்தான். தினமும் கூடலூரிலிருந்து எல்லை தாண்டித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது கியர் போடுகிற விதத்திலேயே தெரிந்தது.

"ஒரண்டேகாவாம் ஒரண்டேகா," என்றார் அவர். "பேருலயே ஒரண்டை இருக்கு. அது வம்பு தும்புன்னு ஒரண்டை இழுக்காம என்ன செய்யும்?"

"அண்ணாச்சி சொல்றதுல நாயம் இருக்குக்கா," என்றான் தங்கப்பாண்டி.

உமாதேவி பையிலிருந்து இரண்டு ஜெராக்ஸை எடுத்துப் பின்னால் நீட்டினாள். ஒன்று விஜய்ராஜின் டி.சி. இன்னொன்று ஆதித்தனுடையது. கிருபாவதி அதைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறாள். இரண்டும் குமுளிக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம் கொடுத்தவை. "ரெண்டு பேரையும் சத்தமா வாசி."

"ஒரண்டேகா ஆதித்தன். பேருக்கு நடுவுல மூணு கோடு போட்டிருக்கு. ரோமன் எழுத்துல மூணு."

"அதுக்குக் கிருபாவதியம்மா என்ன அர்த்தம் சொல்றாக?"

"மூன்றாம் ஒரண்டேகாவாம். ராசா பரம்பரையில போடுவாகல்ல, மூன்றாம் இவரு, நாலாம் அவருன்னு. விசிட்டிங் கார்டுலகூட அச்சடிச்சு வச்சிருக்காக." அடுத்ததைப் பார்த்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அண்ணாச்சி பேருல அஞ்சு! நீங்க அஞ்சாம் ஒரண்டேகா அண்ணாச்சி. மூணாவது ராசா ஏலக்கா வியாபாரம், அஞ்சாவது ராசா டிரிப் அடிக்கிறாரு. சாம்ராஜ்யம் கொஞ்சம் இறங்கித்தான் போச்சு."

ஜீப்பிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "ராசா, பிரேக்கைப் பாத்துப் போடுங்க," என்றாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்றாள் உமாதேவி. "பள்ளிக்கூடத்துல சேர்ந்த வருசத்தைப் பாரு."

"அவரு அறுபத்தெட்டு. அண்ணாச்சி எழுபது."

"ராசா கணக்குப்படி மூணாவது ஆளுக்கு மகன் நாலாவது ஆளு. அவனுக்கு மகன் அஞ்சாவது ஆளு. இங்கன தாத்தா ஒண்ணாப்பு சேர்ந்து ரெண்டே வருசத்துல பேரனும் ஒண்ணாப்பு சேர்ந்திருக்கான்."

தங்கப்பாண்டி விரல் விட்டு எண்ணினான். இரண்டு தடவை எண்ணியும் பொருந்தவில்லை. "வெரசான குடும்பம்னாலும் இவ்வளவு வெரசு ஆகாதுக்கா."

"அப்ப அது தலைமுறைக் கணக்கு இல்ல. வேற என்னமோ நம்பரு. மூணும் அஞ்சும் இருந்தா நடுவுல நாலு இருந்தே ஆகணும். அந்த நாலாவது ஆளைத்தேன் பிடிக்கப் போறோம்."

குமுளியில் டீ கிடைத்தது. தங்கப்பாண்டி ஸ்பெயினைப் பாதி மன்னித்தான்.

பள்ளிக்கூடம் மூடி வருஷக்கணக்காகியிருந்தது. பழைய சேர்க்கை ரிஜிஸ்டர் தோட்டத்து ஆபீசில் இருந்தது. அங்கே அஜய்குமார் என்ற மலையாளி ரைட்டர், கல்யாணம் நின்றுவிட்டது என்று கேட்டதும் "அய்யோ கஷ்டம்" என்று சொல்லி, பீரோவைத் திறந்து தூசியைத் தட்டி எடுத்துக் கொடுத்தார். அட்டை கரையான் அரித்திருந்தாலும் உள்ளே எழுத்து முத்து முத்தாக இருந்தது. உமாதேவிக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது.

"இந்தக் கட்டத்துக்கு மேல என்ன எழுதியிருக்கு சாரே?"

"அதோ? வீட்டுப்பேராணு சேச்சி."

"வீட்டுப் பேரா?"

"ஆமா. ஞங்ஙள்ட நாட்டில எல்லாருக்கும் வீட்டுப்பேரு உண்டு. குடும்பத்தோட பேரு. நம்ம பேருக்கு முன்னாடி அது வரும்."

உமாதேவி ரிஜிஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கப்பாண்டிக்கு அந்த நிற்பு தெரியும். பசுமாடு பிடிபட்ட அந்த மச்சான் வீட்டுத் தொழுவத்துக்கு முன்னாலும் அப்படித்தான் நின்றதாகக் கேள்வி. சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, ஒன் வீட்டுப் பேரு என்ன?"

"'முருகன் துணை'."

"அது யாரு பேரு?"

"யாரு பேரும் இல்லக்கா. வாசல்ல எழுதியிருக்கு. ஹவுஸ் ஓனர் எழுதுனது. நானே வாடகைக்கு..." அவன் வாய் திறந்தபடி நின்றது.

"நீ கேரளாவுல பொறந்திருந்தா இந்நேரம் முருகன்துணை தங்கப்பாண்டி. ஒன் மகன் துபாய் போவான், பேரன் அமெரிக்கா போவான், அம்புட்டுப் பேரும் முருகன்துணை," என்றாள் உமாதேவி. "மலையாளத்து வாத்தியாரு குடும்பப் பேரைக் கேட்டிருக்காரு. நம்ம ஊர் ஆளுக வீட்டு வாசல்ல என்ன எழுதியிருக்குன்னு கேக்குறாருன்னு நெனச்சிருக்காக. சாரே, இந்த ஒரண்டேகா நாலுக்கு நேரா யாரு பேரு இருக்கு?"

அஜய்குமார் விரலை ஓட்டினார். "அக்கம்மாள். அது நம்ம கங்காணி அக்கம்மாளல்லே! இப்பவும் இங்கதான் இருக்கு."

அக்கம்மாள் அறுபதைத் தாண்டியவள். ஏலச்செடிகளுக்கு நடுவே முப்பது பெண்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கீழே உட்கார்ந்து சிரித்தாள்.

"ஆதித்தன் ராசாவா? அந்த மூக்கொழுகியா?"

"நீங்களும் ராணிதான் ஆத்தா. நாலாம் ஒரண்டேகா," என்றான் தங்கப்பாண்டி.

"போடா இவனே. வா, அரமனையக் காட்டுறேன்."

விஜய்ராஜும் கூடவே வர, அவள் கூட்டிப் போன இடம் கூரை போன ஒரு பழைய லயம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த ஐந்து அறைகள், ஒரே வரிசை. நான்கு அறைகளில் கதவு இல்லை. மூன்றாவது அறையில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். அதனால் அதன் கதவு மட்டும் பிழைத்திருந்தது. அக்கம்மாள் ஆட்டைத் தள்ளிவிட்டு, கதவின் மேல் அப்பியிருந்த சாணியை இலையால் துடைத்தாள். மங்கிய கறுப்பு மையில், அச்சு வைத்து அடித்த பெரிய இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது. ORANDEGA. அதற்குக் கீழே மூன்று கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் பூச்சி மருந்து அடிக்கிற பம்பு ஒன்றின் படம்.

"அப்ப மருந்தடிக்கிற பம்பு அஞ்சு, சீமையில இருந்து பெட்டியில வந்துச்சு," என்றாள் அக்கம்மாள். "பெட்டி மேல கம்பெனி பேரு, ஒரு பெட்டிக்கு ஒரு நம்பரு. இங்கன அஞ்சு வீட்டுக்குக் கதவு இல்லாம நரி வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும். மேனேசரு பெட்டிப் பலகைய ஒடைச்சு ஆளுக்கொரு கதவு அடிச்சுக் குடுத்தாரு. வாத்தியாரு வந்து வீட்டுப்பேரு என்னன்னாரு. எங்கப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'கதவுல இருக்கு சாமி, பாத்து எழுதிக்கங்க'ன்னாரு. அஞ்சு வீட்டுலயும் அதேன் சொன்னாக. அவரும் நம்பர் மொதக்கொண்டு எழுதிட்டுப் போயிட்டாரு."

"அஞ்சு குடும்பமும் சொந்தமா?" உமாதேவி நிறுத்திக் கேட்டாள். இதற்காகத்தான் இத்தனை வளைவு ஏறியது.

"சொந்தமா? நாங்க கடமலைக்குண்டு. ஆதித்தன் அப்பன் தேவாரத்து ஆளு. இந்தா நிக்கிறானே விஜய்ராசு, இவுக கூடலூரு. குழாயடியில தண்ணிக்கு மல்லுக்கட்டுனதைத் தவிர ஒருத்தருக்கொருத்தர் ஒரு ஒறவும் கெடையாது."

விஜய்ராஜ் ஐந்தாவது அறையின் வெறும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆறு வயது ஆனபோதே குடும்பம் மலை இறங்கிவிட்டது, எதுவும் நினைவில்லை. "எம்மக கல்யாணம் நடக்கும்ல தாயி?" என்று உமாதேவியிடம் கேட்டார்.

"நடக்கணும் அண்ணாச்சி. அதுக்கு இன்னொரு கதவைத் தொறக்க வேண்டியிருக்கு," என்றாள் அவள்.

தங்கப்பாண்டி கதவைப் படம் எடுத்தான். ஆடும் படத்தில் விழுந்தது.

மலை இறங்கி, கம்பம் தாண்டி, தேவாரம் வழியாகப் போடிக்குப் போகும்போது உமாதேவியின் போனில் மணி அடித்தது. அவள் படித்துவிட்டுப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகை நல்லதற்கில்லை என்று தங்கப்பாண்டிக்குத் தெரியும்.

"ஸ்பெயின்காரரு பதில் போட்டிருக்காரு."

"அவருக்கு எப்பக்கா எழுதுனீக?"

"ஞாயித்துக்கிழமையே. கிருபாவதியம்மா குடுத்த பிரிண்டுல அடியில 'ஒண்ணு பை ரெண்டு'ன்னு இருந்துச்சு. நமக்கு வந்தது ஒரு பக்கம்தேன். ரெண்டாவது பக்கத்தை எனக்கும் அனுப்புங்கன்னு கேட்டேன். மொழிபெயர்த்து வச்சிருக்கு, வாசி."

தங்கப்பாண்டி வாசித்தான். ஒரண்டேகா என்பது மனிதர் பெயரே இல்லை, மலைமேல் இருந்த ஒரு வீட்டின் பெயர், அந்த வீட்டில் யார் குடியேறினாலும், வேலைக்காரனோ வாடகைக்காரனோ, அந்தப் பெயரைத்தான் போட்டுக்கொண்டார்கள், ஆகவே ஒரண்டேகாக்கள் எல்லோரும் ரத்த சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம், என்று அந்த மனிதர் மிகவும் வருத்தத்தோடு எழுதியிருந்தார்.

"அடப்பாவிகளா. அங்கனயும் முருகன் துணைதானா!" என்றான் தங்கப்பாண்டி. "அப்ப நம்ம ஆளுக தப்பாவே எழுதலக்கா. அவுக முறைப்படி பாத்தா நாமதேன் சுத்தமான ஒரண்டேகா."

"அது கெடக்கட்டும். இந்தப் பக்கம் இருந்திருந்தா ஞாயித்துக்கிழமையே தடை உடைஞ்சிருக்கும். அது எங்க போச்சு?"

தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தான். ஜீப் தேவாரத்தில் ஒரு எருமைக்கூட்டத்துக்காக நின்று கிளம்பியது. "எடுத்தவுகளுக்குத் தெரியும்," என்றான் மெதுவாக.

கடையில் மதியச் சாப்பாட்டு நேரம். கிருபாவதி பட்டுப் புடவையில், மீசைக்காரத் துரை படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். தாடி வளர்ந்த ஜோஷ்வா மூட்டைகளுக்கு மேல் சாய்ந்திருந்தான். உமாதேவி போனை நீட்டினாள். திரையில் கதவு. ஜோஷ்வா எட்டிப் பார்த்தான். கிருபாவதியும் பார்த்தாள். ஒரு தடவைதான் பார்த்தாள். அது என்னவென்று அவள் கேட்கவில்லை.

"இது என்ன எடம்னு கேக்கலையே நீங்க?" என்றாள் உமாதேவி.

கிருபாவதி புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"உங்களுக்குத் தெரியும். மூணாம் நம்பர் பம்புப் பெட்டி. ரெண்டாவது பக்கத்தை நீங்கதேன் எடுத்து வச்சீக. ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ள பேரை வாசிச்சதும், அது தங்கச்சி முறைன்னு பயந்து நீங்க எந்திரிக்கல. பக்கத்து வீட்டு ஆளு வந்துட்டாகன்னு பயந்து எந்திரிச்சீக."

"அம்மா?" என்றான் ஜோஷ்வா.

கிருபாவதி எழுந்துபோய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"கல்யாணமாகி ஒரு மாசத்துல உங்கப்பா என்ட்டச் சொல்லிட்டாரு," என்றாள் மகனிடம். "முதுகுல பம்பைக் கட்டிக்கிட்டு மருந்தடிச்சவரு. இந்த பஜாருக்கு வந்தப்போ ஒருத்தரும் அவரை நாற்காலி போட்டு உக்கார வைக்கல. யாரோ பேரைக் கேட்டிருக்காக, முழுசாச் சொல்லிருக்காரு. 'என்னது, ஸ்பெயின்காரப் பேரா'ன்னு அவுகளே எந்திரிச்சு நின்னிருக்காக. இவரு இல்லைன்னு சொல்லல. அம்புட்டுத்தேன் அவரு செஞ்சது. படத்தை நான்தேன் மதுரையில ஒரு ஃபிரேம் கடையில வாங்குனேன்."

தங்கப்பாண்டி துரையை அண்ணாந்து பார்த்தான். அவர் ஃபிரேம் கடையின் சாம்பிள் என்று இப்போது நன்றாகவே தெரிந்தது.

"இருபத்தொம்பது வருசம் தொரை வீட்டு மருமகளா நிமிர்ந்து நடந்துட்டேன். அந்தாளு இங்கன சம்பந்தியா வந்து உக்காந்து, 'ஆதித்தனா, லயத்துல எங்க பக்கத்து ரூம்ல்ல'ன்னா நான் என்ன செய்வேன்? வாயில என்ன வந்துச்சோ கத்திட்டேன். பங்காளின்னு வந்துச்சு. அதுக்கப்புறம் நிறுத்தத் தெரியல."

"நாங்க எல்லாம் மறந்துட்டோம்மா," என்று ஷட்டருக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. குனிந்து பார்த்தால் விஜய்ராஜ். "எனக்கு ஒண்ணும் ஞாபகமே இல்ல. உங்களைப் பாத்துத்தேன் தெரிஞ்சுக்கிறேன்."

கிருபாவதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் யாருக்குப் பயந்து கல்யாணத்தை நிறுத்தினாளோ, அந்த ஆளுக்கு எதுவுமே தெரியாது. தங்கப்பாண்டிக்கு ஒரு பகடி நாக்கு நுனி வரை வந்தது. உமாதேவி அவன் காலை மிதித்தாள்.

ஜோஷ்வா மூட்டையிலிருந்து இறங்கினான். "அப்பா மருந்தடிச்சாரா? இம்புட்டுத்தானா? இதுக்காம்மா அவளை எனக்குத் தங்கச்சின்ன?" அவன் கத்தவில்லை. அதுதான் அவளைக் குத்தியது. "அவரு முதுகு கடைசி வரைக்கும் ஏன் வலிச்சுச்சுன்னு இப்பத்தேன் தெரியுது. எனக்கு எண்ணெய் தேச்சு விடக்கூடத் தெரியாமப் போச்சே."

மணி மூன்று ஆகியிருந்தது. கிருபாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டியில எடம் இருக்கா?" என்றாள்.

கூடலூரில் விஜய்ராஜின் வீட்டுக்கு முன்னால் ஜீப் நின்றபோது ஐந்து மணிக்கு இன்னும் இருபது நிமிஷம். கூலி ஆட்கள் ஏறும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து பட்டுப் புடவை இறங்குவதைத் தெருவே பார்த்தது. இவாஞ்சலின் வாசலில் நின்றாள். வழி விடவில்லை. ஜோஷ்வாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவன் அம்மாவை மட்டுமே பார்த்தாள்.

"நான் மூணாம் நம்பர் ரூம் ஆதித்தன் பொண்டாட்டி," என்றாள் கிருபாவதி. "அஞ்சாம் நம்பர் ரூம்ல பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

விஜய்ராஜ் படத்தைக் காட்டி, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். கதவு, பம்பு, ஆடு, வாத்தியார். இவாஞ்சலின் கேட்டுக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் காலை நகர்த்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை சபை நடுவுல தங்கச்சின்னு சொன்னீக. இன்னைக்கு எங்க வாசல்ல வந்து மெதுவா இல்லைங்கிறீக. எங்கன சொன்னீகளோ அங்கனயே சொல்லணும். எங்க தாத்தா லயத்துல இருந்தவரு. அதை ஒளிச்சு வைக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

தெருவில் யாரோ இருமினார்கள். தங்கப்பாண்டி கடிகாரத்தைப் பார்த்தான். கிருபாவதி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள், போதகர் நம்பரைப் போட்டாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"ஐயா, கிருபாவதி பேசுறேன். நான் சொன்ன தடை பொய். ரெண்டு வீட்டுக்கும் சொந்தம் கெடையாது. என் வீட்டுக்காரர் தோட்டத்துல மருந்தடிச்சவரு, பேரு பம்புப் பெட்டியில இருந்து வந்தது. வியாழக்கிழமை கோயில்ல நானே எந்திரிச்சு இதைச் சொல்றேன்."

அந்தப் போதகர் நல்ல மனுஷர். தான் விரித்து வாசித்ததால் வந்த வினை என்று இரண்டு ராத்திரியாகத் தூங்காதவர்.

"அம்மா, உங்களுக்குச் சங்கடமா இருக்கும்," என்றார். "எல்லாத்தையும் சபையில சொல்லணும்னு இல்ல. பேசாம இனிஷியலோடயே வாசிச்சிரட்டுமா?"

கிருபாவதி வாசலில் நின்றவளைப் பார்த்தாள்.

"வேணாங்கய்யா. முழுசா வாசிங்க."

இவாஞ்சலின் வாசல் நிலையைவிட்டு நகர்ந்து வழிவிட்டாள்.

"உள்ள வாங்க அத்தே," என்றாள்.